பயமில்லாத தெரு

திருச்சிக்கு மாற்றலாகி வருகிற குமாஸ்தாக்களுக்கு, கலெக்டர் ஆபீசில் யாராவது ஒருவர் முதல் நாளே சொல்லிவிடுவார்: "வீடு பாக்கணும்னா அடைக்கலராஜைக் கேளுங்க." கேட்டால் அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வார். உறையூரில் கிணற்றுத் தண்ணீர் எந்தத் தெருவில் நன்றாக இருக்கும், புத்தூரில் வாடகை ஏன் அவ்வளவு, ஸ்ரீரங்கத்தில் எந்த வீதியில் எப்படிப்பட்டவர்களுக்கு வீடு கொடுப்பார்கள், எடமலைப்பட்டி புதூரில் மழைக்காலத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், எல்லாம் அவருக்குத் தெரியும். இது அறுபத்தெட்டாம் வருஷத்து நிலவரம். "நீங்க எந்தப் பக்கம் சார்?" என்று புதிதாக வந்தவர் கேட்டால், "பாலக்கரை" என்பார். பாலக்கரையில் எங்கே என்று மேலும் கேட்பவர்களுக்குப் பதில் வராது. அவர் பிறந்த லைன் வீட்டில்தான் இன்னும் இருக்கிறார், தங்கையோடு. இத்தனை பேட்டைகளைத் தெரிந்து வைத்திருக்கிற மனிதர் ஏன் அங்கேயே இருக்கிறார் என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். அவர்கள் கேட்பதில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்பு நடந்தது அது.

அப்போது அடைக்கலராஜுக்கு இருபத்தெட்டு வயது. அப்பா செம்பட்டில் தோல் கிடங்கில் வேலை பார்த்துச் செத்தவர். அம்மாவும் போய்ச் சேர்ந்திருந்தாள். பங்குச் சாமியாரின் சிபாரிசில் காலேஜில் சேர்ந்து, பொருளாதாரத்தில் பி.ஏ. முடித்து, சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதிக் குமாஸ்தாவானான். அந்த லைனில் எட்டு வீடு. எட்டு வீட்டிலும் பட்டம் வாங்கியவன் அவன் ஒருவன்தான். தபால்காரர்கூட 'பி.ஏ. வீடு' என்றுதான் சொல்வார். வீடு என்னவோ மற்ற ஏழு வீட்டையும் போலத்தான். முன்னால் ஓர் அறை, பின்னால் அடுப்படி. வாசலில் எட்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு குழாய். லைன் முடிகிற மூலையில் தகரக் கதவு போட்ட கக்கூஸ் இரண்டு. காலை வேளையில் அதன் முன்னால் வாளியோடு ஆட்கள் நிற்பார்கள்.

அந்த வரிசையில் பிறந்ததிலிருந்து நின்றவன்தான் அவனும். ஒருநாளும் அது அவன் கண்ணில் பட்டதில்லை. பட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆபீஸ் சூப்பிரண்டு தன் மகள் கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்க விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார். அவர் வழி கேட்டது யாரிடம் என்றால், வரிசையில் நின்ற லூர்துராணியிடம். அடைக்கலராஜின் தங்கை, எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டிருந்தவள். அவள் இடது கையில் வாளியைப் பிடித்துக்கொண்டு வலது கையால் நாலாவது வீட்டைக் காட்டினாள். சூப்பிரண்டு அவளைப் பார்த்தார், தகரக் கதவைப் பார்த்தார், திரும்பி வந்தார். பத்திரிகையைக் கொடுத்தார். காப்பி வேண்டாம் என்றார். வேறொன்றும் சொல்லவில்லை, ஆபீசிலும் சொல்லவில்லை. ஆனால் அடைக்கலராஜுக்கு அந்தக் கையும் வாளியும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

இது ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் தொடங்குவதற்குச் சற்று முந்தி. அதே சமயத்தில்தான் மேலப்புதூரிலிருந்து லூர்துராணிக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை விக்டர், ஆரம்பப் பள்ளி வாத்தியார். அவன் அம்மா சகாயம்மாள் கோவிலில் லூர்துராணியைப் பார்த்துப் பிடித்துப்போய், தானே ஆள் விட்டுக் கேட்டவள். வரதட்சிணைப் பேச்சே எடுக்கவில்லை. "ஈஸ்டர் கழிஞ்சு ஓலை வாசிச்சிடலாம் தம்பி. அதுக்கு முந்தி ஒருநாள் வீட்டுக்கு வர்றோம்" என்று கோவில் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். கல்யாண அறிவிப்பை மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் வாசிப்பார். அதற்குத்தான் ஓலை என்று பெயர். ஓலை வாசித்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி.

லூர்துராணிக்குச் சந்தோஷம். அதை அவள் காட்டிக்கொண்ட விதம், வீட்டுப் பாத்திரத்தையெல்லாம் புளி போட்டுத் தேய்த்ததுதான். அடைக்கலராஜுக்கு ஒன்றே ஒன்றுதான் மனசில் ஓடியது. அவர்கள் வீட்டுக்கு வருவதற்குள் வேறு வீடு பார்த்துவிட வேண்டும்.

காந்தி மார்க்கெட் பக்கத்தில் குடை ரிப்பேர் கடை வைத்திருந்த மீரான் பாய்தான் அந்த வட்டாரத்துக்கு வீட்டுத் தரகர். குடைக்கு மழைக்காலம், வீட்டுக்கு வெயில்காலம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

"எதுக்கு தம்பி மாத்தறீங்க? இருக்கிற வீட்டுக்கு என்ன கொறை?" என்று கேட்டார். கையிலிருந்த கம்பியை வளைத்துக்கொண்டேதான் கேட்டார்.

அடைக்கலராஜ் வாயைத் திறந்தான். வெட்கமாயிருக்கிறது பாய், என் தங்கை வாளியோடு நிற்பதை என் ஆபீசர் பார்த்துவிட்டார், நாளைக்குச் சம்பந்தக்காரர்களும் பார்ப்பார்கள், என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் வரவில்லை. எட்டு வீட்டு ஜனங்களும் தூக்கி வளர்த்த பையன், படித்ததும் அந்த வீட்டைப் பார்த்து வெட்கப்படுகிறான் என்று எப்படிச் சொல்வது? வேறொரு சொல் தயாராக நின்றது.

"எனக்கு அடிக்கடி கேம்ப் வருது பாய். ஜமாபந்தி அது இதுன்னு ரெண்டு மூணு நாள் வெளியூர் போயிடறேன். தங்கச்சி தனியா இருக்கு. அந்த எடம் கொஞ்சம்... பயமா இருக்கு."

மீரான் பாய் கம்பியைக் கீழே வைத்தார். முகம் மாறிவிட்டது. "அப்படியா," என்றார். பிறகு, "சொல்லிட்டீங்கள்ல, விடுங்க. பயமில்லாத எடமா நான் பாத்துத் தர்றேன். வயசுப் புள்ள விஷயம்" என்றார்.

அந்த மரியாதையைப் பார்த்ததும் அடைக்கலராஜுக்கு ஒரு தெம்பு வந்தது. வெட்கம் என்று சொல்லியிருந்தால் பாய் சிரித்திருப்பார். பயம் என்று சொன்னால் ஊரே எழுந்து நிற்கிறது. தங்கையைக் காப்பாற்ற அலைகிற அண்ணன் என்று ஒரு வேஷம் அவனுக்குக் கிடைத்தது. போட்டுப் பார்த்தான், பொருத்தமாயிருந்தது. கொஞ்ச நாளில் வேஷம் என்பதே மறந்துபோயிற்று. கேம்ப் உண்மை, தங்கை தனியாக இருப்பதும் உண்மை. அப்புறம் எது பொய் என்று தன்னையே கேட்டுக்கொண்டான். அவன் கேம்ப் போகிற நாட்களில் பக்கத்து வீட்டு வியாகுலம்மாள் தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்து லூர்துராணியோடு படுத்துக்கொள்வாள் என்பதும் உண்மைதான். அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சைக்கிளை எடுத்துவிடுவான். வியாகுலம்மாள் குழாயடியிலிருந்து கூப்பிடுவாள்.

"என்ன தம்பி, வாரா வாரம் மேக்கால போற, கெழக்கால போற? தங்கச்சிக்கு மாப்பிள்ள பாத்தாச்சு, இப்ப ஒனக்கா?"

"ஆபீஸ் வேலைக்கா."

"ஞாயித்துக்கெழமை கலெக்டரே தூங்குவாரு. ஒனக்கென்னடா வேலை?"

லூர்துராணியும் ஒருநாள் கேட்டாள். "எங்க போற அண்ணே? வீடு பாக்கவா? என்னையும் கூட்டிட்டுப் போயேன். சமைக்கப் போறது நான்தான."

"வெயிலு."

"வெயிலு ஒனக்கும்தான அடிக்குது."

அவன் சைக்கிளை மிதித்தான். அவளை அழைத்துப் போயிருந்தால் அவள் முன்னால், தங்கச்சிக்குப் பயமில்லாத தெருவா என்று யாரையும் கேட்டிருக்க முடியாது. இது அவனுக்கு அப்போது தோன்றியதா, பின்னால் தோன்றியதா என்று அவனாலேயே பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை.

முதலில் புத்தூர். அகலமான தெருக்கள், வக்கீல்கள், டாக்டர்கள். இரும்பு கேட்டுக்குள்ளிருந்து ஒரு அம்மாள் எட்டிப் பார்த்து வாடகையைச் சொன்னாள். அது அவன் சம்பளத்தில் பாதிக்கு மேல். இருந்தாலும் விடாமல், "வயசுப் பொண்ணு தனியா இருந்தா இந்தத் தெருவுல பயமில்லையா?" என்று கேட்டுவிட்டுத்தான் திரும்பினான். அந்த அம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். தெருமுனை இஸ்திரிக்காரரிடமும் கேட்டான். வாடகை கொடுக்க முடியாத இடத்தில் இந்தக் கேள்வி எதற்கு என்றால், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா? காலேஜில் படித்தது வீண் போகக் கூடாது. பாதுகாப்பு, செலவு, அக்கம்பக்கம் என்று ஒவ்வொரு பேட்டையையும் மனசுக்குள் நிறுத்திப் பார்த்தான். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தேர்ந்தெடுக்கிற நிலைமை அவனுக்கு வந்திருந்தது. அவன் அப்பாவுக்கு அது வந்ததே இல்லை.

எடமலைப்பட்டி புதூரில் வாடகை மலிவு. மதுரை ரோட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கினால் கருவேலங்காடும் காலி மனையும். நடுநடுவே கட்டி முடிக்காத சுவர்கள். பெட்டிக்கடைக்காரர் அவன் கேள்வியைக் கேட்டுவிட்டு, "பொண்ணுக்கு என்னங்க, பாம்புக்கு நாங்களே பயப்படறோம்" என்றார். அடைக்கலராஜ் அதை வேண்டாம் என்று தள்ளினான்.

அடுத்தது காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம். அடையவளைஞ்சான் வீதியில் ஒரு வீட்டின் பின்கட்டு காலி என்று மீரான் பாய் சொல்லியிருந்தார். "நான் கூட வந்தா காரியம் கெட்டுடும். நீங்களே போங்க தம்பி" என்று சிரித்தார். வீட்டுக்காரர் அழகிரி ஐயங்கார். திருமண் காயாத நெற்றியோடு வந்தவர், கூடத்தில் பாயைப் போட்டு உட்காரச் சொன்னார்.

"திருநாமம் என்னவோ?"

ஒரு கணம் புரியாமல் விழித்துவிட்டு, "அடைக்கல..." என்று ஆரம்பித்தான்.

"அடைக்கலம்." ஐயங்காரின் முகம் மலர்ந்தது. "பேஷ். சரணாகதியையே பேரா வச்சிருக்கா. பெருமாள் திருவடியைத் தவிர நமக்கு வேற அடைக்கலம் ஏது? உங்க தோப்பனார் ஞானஸ்தர். ஆத்துல யார் யாரு?"

"தங்கச்சி மட்டும்தாங்க."

"குழந்தை பேரு?"

"லூர்துராணி."

ஐயங்காருக்கு விளங்கிவிட்டது. கோபப்படவில்லை. மேல்துண்டை எடுத்து மடித்தார். "அடியேன் சொல்றதைத் தப்பா எடுத்துக்கப்படாது. நீங்க ரொம்ப சாதுவாத் தெரியறேள். ஆனா இது திருமடைப்பள்ளி கைங்கரியம் பண்றவா குடியிருக்கற க்ருஹம். ஒரே கிணறு." பிறகு அவனைத் தேற்றுகிற மாதிரி, "ஆமா, டவுன்ல இல்லாத வீடா? இவ்வளவு தூரம் வருவானேன்?" என்றார்.

எழுந்து வந்திருக்கலாம். அந்த நேரத்திலும் அவன், "தங்கச்சி தனியா இருக்கா. இருக்கிற எடம் பயமா இருக்குங்க" என்றான். பாயிலிருந்து எழுவதற்குக் கொஞ்சம் மரியாதை தேவைப்பட்டது. அந்தச் சொல் அதைக் கொடுத்தது. ஐயங்கார், "அடடா, குழந்தைக்கு என்ன கஷ்டமோ. ரங்கநாதன் பாத்துப்பன்" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

இப்படியாக ஊரின் நாலு பக்கமும் ஒரு கேள்வியை அவன் விதைத்து வைத்தான். டீக்கடையில், ரேஷன் வரிசையில், டவுன் பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரரிடம். ஒரு படித்த பிள்ளை, கிறிஸ்தவப் பையன், பாலக்கரையிலிருந்து, தங்கச்சிக்குப் பயமில்லாத தெரு எது என்று கேட்டுக்கொண்டு அலைகிறான். கேட்டவர்கள் பதில் சொன்னார்கள். அவன் போன பிறகு தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள்: அந்தப் பெண்ணுக்கு என்ன நேர்ந்திருக்கும்?

கடைசியாக உறையூரில் வீடு அமைந்தது. தறிச் சத்தம் ஓயாத தெரு. வெள்ளையம்மாள் என்று ஒரு விதவை. முன்பக்கம் அவளும் மருமகளும் தறி போடுகிறார்கள், பின்பக்கம் காலி. தனிக் குழாய், தனிக் கக்கூஸ், சின்ன முற்றம். அடைக்கலராஜ் கக்கூஸ் கதவைத் திறந்து பார்த்தான். மரக்கதவு, உள்ளே தாழ்ப்பாள். சகாயம்மாள் வந்து முற்றத்தில் உட்காருவது போலவும், லூர்துராணி காப்பி கொண்டுவருவது போலவும் ஒரு காட்சி அவன் கண்ணில் வந்து போயிற்று.

அவன் கேட்பதற்கு முன்னால் வெள்ளையம்மாள் கேட்டாள். "தங்கச்சிக்கு இப்ப எப்படித் தம்பி இருக்கு?"

"நல்லா இருக்குதுங்க."

"பாவம். பாலக்கரைப் பக்கம் என்னமோ ஆயிடுச்சாமே. பேசிக்கிட்டாங்க."

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லைங்க."

"ஒண்ணுமில்லாமயா ஒரு அண்ணங்காரன் தெருத் தெருவாச் சுத்துவான்? நீங்க சொல்ல வேணாம் தம்பி. எனக்கும் பொம்பளப் புள்ள இருந்துச்சு." அவள் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டாள். "வாடகையில ரெண்டு ரூவா கொறச்சுக் குடுங்க. நான் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கறேன்."

அவள் என்ன நினைக்கிறாள் என்று அடைக்கலராஜுக்குப் புரிந்தது. அந்த இடத்திலேயே, இல்லைம்மா, நீங்கள் நினைக்கிற மாதிரி எதுவும் நடக்கவில்லை, என்று உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் பிறகு எதற்கு மாறுகிறாய் என்பாள். வீடு வேறு கையில் வந்த மாதிரி நிற்கிறது. குறைத்த வாடகைக்குத் தலையை ஆட்டிவிட்டு, அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தான். ஒரு கிழவியின் தப்பெண்ணம், அதனால் என்ன என்று வழியெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

ஈஸ்டர் வந்தது, போயிற்று. வீட்டுக்கு வருவதாகச் சொன்ன சகாயம்மாள் வரவில்லை. வராதது நல்லதுதான், உறையூருக்கே வரட்டும் என்று அடைக்கலராஜ் நினைத்தான். அடுத்த சனிக்கிழமை அவர்கள் ஓலைக்காகச் சாமியாரிடம் பெயர் கொடுப்பதாகப் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை லூர்துராணி கத்தரிப்பூ நிறச் சேலை கட்டி, வெள்ளை வலைத்துணியில் முக்காடு போட்டுக்கொண்டு பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள். ஓலையில் தன் பெயர் வரும்போது கோவிலில் இருக்கக் கூடாது, கூச்சமாயிருக்கும் என்று சில பெண்கள் முதல் பூசைக்கே போய்விடுவார்கள். அவள் அப்படிச் செய்யவில்லை. கேட்க வேண்டும் என்று வந்திருந்தாள்.

பிரசங்கம் முடிந்தது. சாமியார் காகிதத்தை எடுத்தார். வரகனேரியில் ஒரு பையனுக்கும் பொன்மலையில் ஒரு பெண்ணுக்கும் முதல் ஓலை. இன்னொரு ஜோடிக்கு இரண்டாம் ஓலை. இவர்கள் திருமணத்துக்கு விக்கினம் ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடவார்கள் என்று வழக்கமான வாசகத்தைப் படித்துவிட்டுக் காகிதத்தை மடித்துவிட்டார். அடைக்கலராஜ் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தான். முக்காடுகள்தான் தெரிந்தன. எல்லாம் ஒரே மாதிரி வெள்ளை. எது அவள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பூசை முடிந்ததும் அவளை வியாகுலம்மாளோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டு நேரே மேலப்புதூர் போனான்.

சகாயம்மாள் அவனை உட்காரவைத்து, காப்பி கொடுத்த பிறகுதான் பேசினாள். "நாங்களே வந்து சொல்லியிருக்கணும் தம்பி. என்ன சொல்றதுன்னு தெரியாம இருந்துட்டோம்."

"என்ன கொறைன்னு சொல்லுங்கம்மா."

"பொண்ணு மேல ஒரு கொறையும் இல்ல. கல்யாணம்னா நாலு பக்கம் விசாரிப்பாங்கள்ல. பாலக்கரையில விசாரிச்சோம். பொண்ணு தங்கம்னு அத்தனை பேரும் சொன்னாங்க. மத்த பக்கமெல்லாம் நீங்க சொன்னதத்தான் சொல்றாங்க."

"நான் என்ன சொன்னேன்?"

"புத்தூர்ல நீங்க வந்து கேட்டீங்களே, இரும்பு கேட்டு வீடு. அது எங்க நாத்தனார் வீடு."

அடைக்கலராஜுக்கு அந்த அம்மாள் மேலும் கீழும் பார்த்தது நினைவுக்கு வந்தது. காப்பி டம்ளரைக் கீழே வைத்தான். இத்தனை நாள் வராத சொல்லை இப்போது இழுத்துக் கொண்டுவந்தான். "அது பயமில்லைங்கம்மா. வெக்கம். நீங்க வீட்டுக்கு வர்றேன்னீங்க. பொதுக் கக்கூஸு, பொதுக் குழாய். அதை நீங்க பாக்கக் கூடாதுன்னு நெனச்சேன். வெக்கம்னு சொல்ல முடியாமத்தான் பயம்னு சொன்னேன். சத்தியமா அவ்வளவுதான்."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரக்கம் இருந்தது. அதுதான் அவனைக் கொன்றது. "நாங்க மட்டும் பங்களாவுலயா இருந்தோம் தம்பி? விக்டர் பொறந்ததே லைன் வீட்டுலதான். வீடு சின்னதுன்னா வரமாட்டோமா?" என்றாள். பிறகு குரலைத் தணித்து, "இல்லாத பயத்த எந்த அண்ணனாவது கூடப் பொறந்தவ தலையில ஏத்திச் சொல்லுவானா? நீங்க இப்ப தங்கச்சிக்காகச் சொல்றீங்க. நல்ல அண்ணன்தான் சொல்லுவான். நான் நம்புனாலும், எம் புள்ள பள்ளிக்கூடத்துல நாலு பேர் முகத்துல முழிக்கணும்" என்றாள்.

பொய்யைச் சொன்னபோது ஊரே நம்பியது. உண்மையைச் சொன்னபோது அதை நம்ப ஒருத்திகூட இல்லை. அவள் மேல் கோபப்படவும் அவனால் முடியவில்லை. அவள் இடத்தில் இருந்தால் அவனும் அப்படித்தான் நினைத்திருப்பான்.

வீட்டில் லூர்துராணி சேலையை மாற்றிவிட்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். சூப்பிரண்டு வந்த நாளிலிருந்து, ஒன்றுவிடாமல். முறத்திலிருந்து அவள் கையை எடுக்கவில்லை.

"வாளியோட நின்னது நானு. எனக்கு வெக்கமா இல்லையே அண்ணே."

அவள் ஒரு கல்லைப் பொறுக்கித் தள்ளிவைத்தாள்.

"ஒனக்குத்தான வெக்கம்? அத ஒன்னோடதாவே சொல்லியிருக்கலாம்ல? ஏன் என் பயமாக்குன? எனக்கு என்ன பயம்? நான் எப்பவாச்சும் சொன்னேனா?"

"தப்புதாம்மா."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குச் சுலபமாயிருந்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்து அவன், அடுத்த வாரமே உறையூருக்குப் போய்விடலாம், அங்கே யாரும் நம்மைப் பார்த்ததுகூட இல்லை, புதுசாக ஆரம்பிக்கலாம் என்று சொல்லத் தொடங்கினான்.

"பாத்ததில்லையா? அந்தம்மா வாடகையக் கொறச்சது எதுக்காம்?" முறத்தைத் தட்டினாள். "அங்க போனா நான் அந்தப் பொண்ணாத்தான் இருக்கணும். என்னமோ ஆன பொண்ணு. இங்கதான் நான் நானு. போறதா இருந்தா நீ போ. நான் இந்த லைனை விட்டு நகர மாட்டேன். இப்ப போனா, சொன்னதெல்லாம் நெசம்னு ஆயிடும்."

அவள் சொன்னது சரி என்று அவனுக்குப் புரிந்தது. அவன் ஒப்பிட்டுப் பார்த்த அத்தனை பேட்டைகளிலும் அவளுக்குப் பயமில்லாததாக இருந்தது அவன் விட்டுப்போக நினைத்த ஒரே ஓர் இடம்தான். மற்ற ஒவ்வொன்றையும் அவனே, சைக்கிளில் போய், அடைத்துவிட்டு வந்திருக்கிறான்.

மறுநாள் காலை, குழாயில் தண்ணீர் வருகிற நேரம். மீரான் பாய் சைக்கிளில் வந்து இறங்கினார். "கிளார்க்குத் தம்பி, உறையூர்ச் சாவி கைக்கு வந்தாச்சு. சாமான் ஏத்த வண்டி சொல்லட்டுமா?"

அடைக்கலராஜ் உள்ளே ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவன் வருவதற்குள் லூர்துராணி குடத்தை வைத்துவிட்டு எழுந்தாள். எட்டு வீட்டுப் பெண்களும் அங்கேதான் நின்றார்கள்.

"நாங்க எங்கயும் போகல பாய். அட்வான்ஸை அந்தம்மாவே வச்சுக்கட்டும். யார் கேட்டாலும் பாலக்கரையிலதான் இருக்காங்கன்னு சொல்லுங்க."

மீரான் பாய் திகைத்தார். "தப்பா நெனச்சுக்காதேம்மா. அல்லா அறிய நான் ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னதில்ல."

"தெரியும் பாய். அண்ணன் சொன்னதத்தான் சொல்லியிருப்பீங்க."

வியாகுலம்மாள் குழாயை மூடினாள். நேற்றே விஷயம் அவள் காதுக்கும் வந்திருந்தது. "என்ன சொன்னாரு பாய்? எங்க லைன்ல பயமாமா? இந்த எட்டு வீட்டுல எந்தப் பயலக் கண்டு பயம்? அந்தப் புள்ள கூட ராத்திரி படுத்தது நானு. பேரச் சொல்லச் சொல்லுங்க." அவள் வீட்டுப் பக்கம் திரும்பினாள். குரலில் கோபத்தைவிட வேறெதுவோ அதிகமிருந்தது. "அடைக்கலராசு, வெளிய வா. யாருன்னு எங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டுப் போ."

எட்டு வீட்டுப் பெண்களும் நாலாவது வீட்டுக் கதவைப் பார்த்தார்கள். அடைக்கலராஜ் கதவுக்குப் பின்னால் நின்றான். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு போகலாம் என்று நின்றான். எல்லாப் பொத்தானும் போட்டுத்தான் இருந்தது.